மறைந்தார் குரலும் புதிய இசைத்தட்டும்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆம் திகதி இங்கிலாந்திலே ஒரு புதிய பாட்டு வெளியிடப்பட்டது. "நௌ அன்ட் தென்" என்பது அதன் பெயர். எப்போதாவது ஒருக்கால் என்பது அப்பெயரின் பொருள். பாடியோர் பீற்றில்ஸ் குழுவினர். அக்குழு கலைந்து 53 ஆண்டுகள் கழிந்திருந்தன. பாட்டை இயற்றி முதற்குரல் கொடுத்த ஜோன் லெனன், 1980ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயோர்க் நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டவர். கிற்றார் வாசித்த ஜோர்ஜ் ஹரிசன் 2001ஆம் ஆண்டு நவம்பரில் நோயினால் இறந்தவர். எஞ்சிய போல் மக்காட்னியும் றிங்கோ ஸ்ராரும் எண்பதைத் தாண்டிய முதியவர்கள். அவ்வாறிருந்தும், பத்து நாட்களுக்குள் அந்தப் பாட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் முதலிடத்தைப் பெற்றது. அதற்கு முன் அக்குழுவினர் அவ்விடத்தைப் பெற்றது 1969ஆம் ஆண்டிலே.

புதுப் பாட்டையும் புதுப் பொறியையும் ஒருங்கே விரும்பும் ரசிகர் கூட்டமொன்று எந்நாட்டிலும் உண்டு. கிராமபோன் காலத்தில் ஊசியின் கூர்மையைப் பற்றி வாதிட்டவர்கள் அவர்களே. நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டு வந்தபோது நிமிடங்களை எண்ணியவர்களும் அவர்களே. பாட்டு நன்று என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. எங்ஙனம் ஆக்கினார்கள் என்று அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். இது வீண் ஆராய்ச்சி என்று மற்றவர்கள் நகைப்பதுண்டு. ஆனால் இந்தப் பாட்டைப் பொறுத்தவரை, அட்டையின் முன்புறத்தைவிடப் பின்புறமே கூடுதலாகப் பேசப்பட்டது.

நடந்தது இதுதான். 1977ஆம் ஆண்டளவில் லெனன் தம் இல்லத்திலே பியானோவின் முன் அமர்ந்து, சாதாரணக் கசெற் பதிவுப் பெட்டியொன்றில் இப்பாட்டைப் பாடி வைத்தார். அது முற்றுப்பெறாத பாட்டு. 1994ஆம் ஆண்டில் அவர் மனைவி யோக்கோ ஓனோ அந்த ஒலிநாடாவையும் வேறு சிலவற்றையும் மக்காட்னியிடம் கொடுத்தார். அவற்றுள் இரண்டு பாட்டுகளை மற்ற மூவரும் நிறைவு செய்து 1995இலும் 1996இலும் வெளியிட்டனர். மூன்றாவதாகிய இப்பாட்டைத் தொடங்கிப் பார்த்து, பின்னர் கைவிட்டனர். நாடாவிலே மின்னோட்டத்தின் இரைச்சல் ஓயாது கேட்டது. அதைவிடப் பெருந்தொல்லை, குரலும் பியானோவும் ஒரே தடத்திற் பதிவாகியிருந்தமை. பியானோவைத் தாழ்த்தினால் குரலும் தாழும். குரலை உயர்த்தினால் பியானோ அதை மூடிவிடும்.

பாலும் நீரும் கலந்த கலத்திலிருந்து பாலை மாத்திரம் பருகும் அன்னத்தைப் பற்றி நம் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அத்தகைய அன்னமொன்று நியூசிலாந்திலே பிறந்தது. திரைப்பட நெறியாளர் பீற்றர் ஜக்சன், பீற்றில்ஸ் குழுவினர் 1969ஆம் ஆண்டு ஜனவரியில் பாட்டுக் கட்டிய காட்சிகளைத் தொகுத்து, 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடும் ஆவணப் படமொன்றை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த பழைய ஒலிநாடாக்களில் பேச்சும் கிற்றாரும் மத்தளமும் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க அவருடைய குழுவினர் ஒரு கணினி முறையை வகுத்தனர். மனிதக் குரல் எத்தன்மையது, கிற்றாரின் ஒலி எத்தன்மையது என்று ஏராளமான மாதிரிகளைக் காட்டிப் பொறியைப் பழக்குவது. பழகிய பொறி, கலந்த ஒலியின் ஒவ்வொரு கணத்திலும் எப்பகுதி யாருக்குரியது என்று மதிப்பிட்டுப் பிரிப்பது. இம்முறையைக்கொண்டே லெனனின் குரலைக் கசெற்றிலிருந்து தனியே எடுத்தனர். புலவரின் அன்னத்துக்குப் பால் இன்னதென்று தெரியும். இந்த அன்னமோ மதிப்பிடுகிறது. ஆயினும், அது மதிப்பிட்டுத் தந்த குரலைக் கேட்டவர்கள், 1977ஆம் ஆண்டு லெனன் இழுத்த மூச்சையும் அதிலே கேட்டார்கள்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் மக்காட்னி பீ.பீ.சீ. வானொலிக்கு அளித்த பேட்டியில் இதனைச் செயற்கை நுண்ணறிவு என்று குறிப்பிட்டார். உடனே பலரும் லெனனின் குரலைப் பொறியே செய்ததாக எண்ணிக்கொண்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், கனடா நாட்டுப் பாடகர் இருவரின் குரலைப் போலச் செய்த பொய்ப் பாட்டொன்று உலகெங்கும் பரவி, பின்னர் நீக்கப்பட்டிருந்தது. செயற்கையாக எதுவும் ஆக்கப்படவில்லை என்று மக்காட்னி மீண்டும் விளக்கவேண்டியதாயிற்று.

இறந்தவர் குரலோடு இருப்பவர் பாடுவது புதுமையன்று. நற் கிங் கோல் 1965ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மகள் நற்றலி கோல், தந்தையின் பழைய பதிவொன்றோடு தம் குரலை இணைத்து 1991இல் வெளியிட்ட பாட்டு பெரும் புகழ் பெற்றது. அங்கே தந்தை பாடியதே தந்தையின் பெயரில் ஒலித்தது. ஒட்டு வேலை செவிக்குப் புலப்படாவிடினும், எல்லாரும் அறிந்த ஒட்டு வேலை அது.

பீற்றில்ஸ் பாட்டை அதே தராசில் இட்டு நிறுத்தால் முள் சற்று ஆடுகிறது. லெனனின் ஒலிநாடாவிலிருந்த ஒரு பகுதியை மக்காட்னி விட்டுவிட்டார். கள்ளத்தனமாகப் பரவிய பழைய பிரதியைப் பல ஆண்டுகளாய்க் கேட்டுவந்த ரசிகர்களுக்கு அப்பகுதி மனப்பாடம். புதிய தட்டிலே அதனைக் காணாது அவர்கள் வருந்தினர். அன்றியும், பின்னணியில் ஒலிக்கும் கூட்டுக்குரலிற் சில, 1966இலும் 1969இலும் இக்குழுவினர் பாடிய வேறு பாட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை. ஆகவே, ஹரிசன் தாம் ஒருபோதும் பாடாத பாட்டொன்றுக்குப் பின்பாட்டுப் பாடுகிறார். அவர் அங்கே வாசிக்கும் கிற்றார் 1995ஆம் ஆண்டிலே பதிவானது. அது உண்மையாகவே இப்பாட்டுக்கு வாசித்தது. எனினும், அக்காலத்தில் இந்தப் பதிவை அவர் விரும்பவில்லை என்பது யாவரும் அறிந்த செய்தி. பழுதுபட்ட ஒலியே அவருக்குத் தடையாயிருந்தது என்று அவருடைய மனைவி பின்னர் கூறினார். இருக்கலாம். ஒலி திருந்திய பின் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க அவர் இல்லை. மனைவியும் மகனும் இசைந்தனர். மக்காட்னியோ பாட்டின் நடுவே ஹரிசனின் பாணியிலே கிற்றாரை இழைத்து வாசித்து, அது நண்பனுக்குச் செலுத்திய அஞ்சலி என்றார். முழுப் பாட்டிலும் நெஞ்சைத் தொடுவது அந்தச் சில செக்கன்களே. அங்கே பொறிக்கு வேலையில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் இப்பாட்டுக்குக் கிறாமி விருதும் கிடைத்தது.

பீற்றில்ஸ் பாட்டு வெளிவந்து மூன்று மாதம் கழியுமுன் இதே கேள்வி, இன்னும் கூர்மையாக, தமிழ்த் திரைப்பாட்டுக்குள் நுழைந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் "லால் சலாம்" என்ற படத்தின் பாட்டுகள் வெளிவந்தன. அவற்றுள் "திமிரி எழுடா" என்ற பாட்டிலே ஷாகுல் ஹமீதின் குரலும் பம்பா பாக்யாவின் குரலும் ஒலித்தன. முன்னவர் 1998இலும் பின்னவர் 2022இலும் காலமானவர்கள். அவர்கள் பாடி வைத்த ஒலிநாடா எதுவும் இங்கே அகப்படவில்லை. அவர்கள் குரலின் தன்மையைப் பொறிக்குக் கற்பித்து, அவர்கள் அறியாத பாட்டை அந்தக் குரலிலே பிறப்பித்தனர். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மான் அறிவித்தார். அது பாராட்டத்தக்க நேர்மை. எல்லாரும் அவ்வாறு நடப்பதில்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. தம் தந்தை எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படமொன்றில் இசைவின்றிச் செயற்கையாக ஆக்கிப் பயன்படுத்தினர் என்று அவர் மகன் சரண் அவ்வாண்டிலேயே சட்ட அறிவித்தல் அனுப்பினார்.

அதே ஜனவரியில், 25ஆம் திகதி, பாடகி பவதாரிணி இலங்கை மண்ணிலே காலமானார். சிகிச்சை நாடி வந்த இடத்தில் நேர்ந்த மரணம் அது. ஜூன் மாதம் விஜய் நடித்த "கோட்" படத்தின் பாட்டொன்று வெளிவந்தபோது அவர் குரல் அதிலே கேட்டது. இசையமைத்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. தமக்கை நலம் பெற்று வந்து இதைப் பாடவேண்டும் என்று தாம் எண்ணியிருந்ததாக அவர் தெரிவித்தார். கேட்ட பலர் கண் கலங்கினர். அவர்களுள், பொறியின் வேலை என்று அறிந்து கலங்கியவரும் உண்டு. அறியாது கலங்கியவரும் உண்டு.

குடும்பத்தின் இசைவு மிகவும் வேண்டியதுதான். அதோடு கணக்குத் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. பாடகர் ஒரு பாட்டை ஏற்பதும் மறுப்பதும் அவருடைய கலையின் ஒரு பகுதி. சொல் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பலாம். சுருதியை இறக்கச் சொல்லலாம். ஒரு கமகத்தைத் தம் விருப்பப்படி வளைக்கலாம். திருடா திருடா படத்திலே (1993) ஷாகுல் ஹமீத் பாடிய "ராசாத்தி" என்ற பாட்டைக் கேட்டவர்கள், வாத்தியங்களின் துணையின்றி ஒரு மனிதன் சொற்களுக்கிடையே விடும் மௌனத்தைக்கொண்டே பாட்டைத் தாங்கியதை அறிவார்கள். அந்த மௌனத்தை எங்கே விடுவதென்று தீர்மானித்தவர் அவர். குரலின் நிறம் வேறு. அந்தத் தீர்மானம் வேறு. பொறி நிறத்தைத் தருகிறது. தீர்மானத்தை யார் தருகிறார்? இம்முறையிலே, பொதுவாக, உயிருள்ள பாடகர் ஒருவர் முதலிற் பாடுவார். அவருடைய மூச்சு, அவருடைய தாளக்கட்டு, அவருடைய உச்சரிப்பு ஆகியவற்றின்மேல் மறைந்தவரின் குரல் போர்த்தப்படும்.

வானொலி கேட்டு வளர்ந்த இந்நாட்டு நேயர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. இலங்கை வானொலியில் இசைத்தட்டு சுழலுமுன் படத்தின் பெயரையும், பாடியவரையும், இயற்றியவரையும், இசையமைத்தவரையும் சொல்வது நெடுங்கால வழக்கம். அவ்வாறு கேட்டுக் கேட்டே பலர் குரல்களை இனங்காணப் பழகினார்கள். அந்த வழக்கில் "பாடியவர்" என்ற சொல் ஒரு சாட்சியம். லெனனுக்கு அச்சொல்லைத் தயங்காது வழங்கலாம். "திமிரி எழுடா" பாட்டுக்கு அறிவிப்பாளர் அதே சொல்லைச் சொன்னால், 1998இல் மறைந்த ஒருவர் 2024இல் பாடினார் என்றாகிவிடும். "ஷாகுல் ஹமீதின் குரற்சாயலில், பொறியின் வழி" என்று சொல்வதற்கு மேலதிகமாக இரண்டு செக்கன் போதும். சாயலின் அடியில் நின்று உண்மையாகப் பாடியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் பெயரையும் சொல்லவேண்டும். அவரும் கூலிக்குப் பாடிய கலைஞரே. அட்டையிலே அவர் பெயர் அச்சாகியிருந்தாலன்றோ அறிவிப்பாளர் அதை வாசிக்க முடியும்!