எண்ணைக் கொடுக்குமுன் எண்ணிப் பாருங்கள்

(பழைய மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



நான் வேலை தேடிய நாட்களில், "இன்டர்வியூவுக்கு முன்னால பான், ஆதார் ரெண்டோட நகலும் அனுப்புங்க" என்றது ஒரு நிறுவனம். கையெழுத்துப் போட்டே அனுப்பினேன். வேலையும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பின்னால் வீட்டுக் கடனுக்குப் போனபோது, நான் வாங்காத கடன் ஒன்று என் பெயரில் நின்றது! அந்த நகல்தான் காரணம் என்று நிரூபிக்கவும் வழியில்லை. பெயரை மீட்க 8 மாதம் அலைந்தேன்.

சம்பளத்தில் வரி பிடிக்கப் பான் எண் தேவைதான். ஆனால் அது வேலையில் சேரும்போது, விண்ணப்பத்தோடு அல்ல. பயோடேட்டாவில் இந்த எண்களைப் போடாதீர்கள். ஆதார் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் யாருக்கு, எதற்கு, என்று கொடுத்தது என எழுதுங்கள். ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

"காரணம் கேட்டா வேலை போயிடுமே அண்ணா" என்கிறீர்களா? நல்ல நிறுவனம் காரணம் சொல்லும். சொல்ல மறுக்கும் இடத்தில், பெரும்பாலும் வேலையே இருக்காது.