விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்தால் லாபமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மொத்த விலையில் சரக்கு வாங்கி ஆன்லைனில் விற்பது பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். நம் குடியிருப்பிலேயே நாலைந்து வீடுகளில் நைட்டி, குர்தி, பூஜைப் பொருள் என்று இந்த வியாபாரம் நடக்கிறது. நகையை அடகு வைத்துத் தொடங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நான் வியாபாரி இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

சரக்குக்கு நமக்குப் பஞ்சமில்லை. சென்னையில் துணிக்குக் காடவுன் தெரு, பனியன் துணிகளுக்குத் திருப்பூர் காதர்பேட்டை, வாரச் சந்தைக்கு ஈரோடு. வாங்குவது சுலபம். லாபம் எவ்வளவு என்று சரியாகக் கணக்குப் பார்ப்பதில்தான் சிரமம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 200 ரூபாய் வீதம் 100 நைட்டி வாங்குகிறோம். முதல் 20,000. விற்பனை விலை 350. ஒன்றுக்கு 150, நூறுக்கு 15,000 லாபம் என்று மனம் சொல்லும். இப்போது நோட்டில் எழுதுவோம்.

சரக்கைக் கொண்டுவரும் கூலி 600. பிரித்துப் பார்த்தால் 5 நைட்டியில் தையல் விட்டிருக்கிறது. மீதி 95-ஐ அனுப்புகிறோம். கவர், டேப் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 10, ஆக 950. அதில் 15 திரும்பி வருகிறது. அளவு சேரவில்லை என்பார்கள். பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்றவர் கதவையே திறக்க மாட்டார். போக வரக் கூரியர் ஒன்றுக்கு 100 என்றால் 1,500. விற்ற 80-க்குக் கமிஷனும் கூரியரும் ஒன்றுக்கு 80, மொத்தம் 6,400.

கூட்டினால் செலவு 29,450. வரவு 80 × 350 = 28,000. கையில் 1,450 ரூபாய் குறைகிறது! திரும்பி வந்த 15 நைட்டியின் அடக்க விலை 3,000. அதையும் சேர்த்தால்தான் ஏட்டில் 1,550 லாபம். வரியையும் நம் உழைப்பையும் இதில் சேர்க்கவே இல்லை.

கையிருப்புச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும் என்பது கணக்கியல் பாடம். அந்த 15 நைட்டியும் 100 ரூபாய்க்குத்தான் போகும் என்றால் மதிப்பு 1,500. லாபம் வெறும் 50 ரூபாய்.

வங்கியில் நான் பார்த்தவரை, விற்பனை இல்லாமல் நொடித்தவர்கள் குறைவு. பணம் அலமாரியில் சரக்காகத் தூங்க, வட்டி மட்டும் விழித்திருந்ததால் நொடித்தவர்களே அதிகம். 50,000 ரூபாய் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 500. நைட்டி விற்றாலும் விற்காவிட்டாலும் 500.

வரி விஷயம் ஒன்று. ஆன்லைன் தளங்களில் விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்குச் சலுகை உண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் ஓர் எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால் முழுப் பதிவு வேண்டும். தின்பண்டம் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் அவசியம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். முதலில் நூறு வேண்டாம், பத்து வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. துண்டுச் சீட்டை ஏற்காமல் பில் கேளுங்கள்; பழுதானதை மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வீட்டுப் பணம் வேறு, வியாபாரப் பணம் வேறு என்று தனிக் கணக்கு வையுங்கள். பத்தும் விற்று, திரும்பி வந்ததையும் கழித்து, நோட்டில் லாபம் நின்றால் இருபது வாங்குங்கள். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கணக்கு எழுதிப் பார்க்க உதவி வேண்டுமானால், நோட்டோடு மாலையில் என் வீட்டுக்கு வாருங்கள்.