இந்தக் கற்கள் எதற்கு?



நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நம் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, நம் முன்னோருக்காகச் செபிக்கிறோம். இந்த நாளில் ஒரு நிகழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரையோரப் பங்கு ஒன்றில் நாங்கள் பணியாற்றியபோது, முதிய தாய் ஒருவர் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள், பதிவேட்டில் எழுதுவதற்காக அவருடைய பிள்ளைகள் பங்குக் கோயில் வீட்டுக்கு வந்தார்கள். "அம்மாவின் முழுப் பெயர் என்ன?" என்று கேட்டோம். மூத்தவர் ஒரு பெயரைச் சொன்னார், இளையவர் வேறொரு பெயரைச் சொன்னார். "ஊரே ஆச்சின்னுதான் கூப்பிடும் சாமி" என்றார் மகள். "சரி, அம்மாவின் அப்பா பெயர்?" என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். படித்துப் பட்டம் பெற்ற பேரப்பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர்களுடைய தந்தையின் பெயரை வைத்துக்கொண்டு பழைய திருமணப் பதிவேட்டைப் புரட்டினோம். மங்கிய மையில், இலத்தீன் மொழியில், அந்தப் பதிவு கிடைத்தது. மணமகள் வேறொரு பங்கில் திருமுழுக்குப் பெற்றவர். தந்தை பெயருக்கு முன்னும் தாய் பெயருக்கு முன்னும் 'காலஞ்சென்ற' என்ற சொல் இருந்தது. அதைத் தமிழில் சொன்னதும் மூத்தவர் உடைந்து அழுதுவிட்டார். "அம்மா தாய் தகப்பன் இல்லாம இந்த ஊருக்கு வந்தவங்களா? தெருவுல எந்தப் பிள்ளை பசியோட நின்னாலும் கூப்பிட்டுச் சோறு போடுவாங்க. நாங்க அதுக்குச் சண்டை போட்டிருக்கோம். ஏன்னு ஒருநாளும் கேக்கலையே, சாமி!"

அன்பர்களே, திருமணங்களைப் பங்குக் குரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. இன்றும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் ஏட்டில் பெயரும் தேதியும்தான் இருக்கும். அந்தத் தாய் ஏன் சோறு போட்டார் என்பது எந்த ஏட்டிலும் இருக்காது. அதை வீடுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

யோசுவா நூல் நான்காம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். இஸ்ரயேல் மக்கள் யோர்தானைக் கடக்கிறார்கள். குலத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் ஆற்றின் நடுவிலிருந்து ஆளுக்கொரு கல்லைச் சுமந்து வருகிறார்கள். அந்தக் கற்களை யோசுவா கில்காலில் நாட்டுகிறார். எதற்காக? நாளைக்குப் பிள்ளைகள் 'இந்தக் கற்கள் எதற்கு?' என்று கேட்கும்போது, ஆண்டவர் தங்களைக் கரைசேர்த்த கதையைப் பெற்றோர் சொல்வதற்காக. சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவை வெறும் கற்களே. நம் வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்கும் படங்களும் அப்படித்தான். 'இது யார்?' என்று பேரப்பிள்ளை கேட்கும்போது, 'உன் பூட்டனார்' என்பதோடு நிறுத்திவிட்டால், ஒரு தலைமுறையில் அந்தப் படம் பரணுக்குப் போய்விடும்.

சிலர் கேட்கலாம்: "எங்கள் குடும்பத்தில் சொல்லிக்கொள்ளும்படி என்ன இருக்கிறது, சாமி? வறுமையும் அவமானமும்தானே?" அவர்கள் மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தைப் படிக்கட்டும். ஆண்டவருடைய மூதாதையர் பட்டியலில் தாமார் இருக்கிறார், எரிகோவின் இராகாபு இருக்கிறார், மோவாபு நாட்டுக் கைம்பெண் ரூத்து இருக்கிறார். நான்காவது பெண்ணை 'உரியாவின் மனைவி' என்றே குறிப்பிட்டு, தாவீதின் பாவத்தையும் நற்செய்தியாளர் மறைக்காமல் வைத்துவிட்டார். இந்தக் குடும்பத்தில்தான் மீட்பர் பிறந்தார். ஆகவே பெருமையை மட்டும் சொல்லிக் குறையை மூடிமறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் பிள்ளைகளுக்கு எதைக் கடத்துகிறோம்? வேலித் தகராறையும், 'அந்த வீட்டு வாசலை மிதிக்காதே' என்பதையும் மூன்று தலைமுறைக்குத் தவறாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பசித்த நாளில் அரிசி கடன் கொடுத்த பக்கத்து வீட்டை மறந்துவிடுகிறோம். குடும்பக் கதை பகையை வளர்ப்பதற்கு அல்ல. கடவுள் நம்மை எங்கிருந்து தூக்கிவிட்டார் என்று நன்றியோடு நினைப்பதற்கே. திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று புனித பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். நமக்கு முதன்முதலில் சிலுவை அடையாளம் போடக் கற்றுத்தந்த விரல்கள் யாருடையவை? அந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இதைச் சொல்லும் எங்களுக்கும் இந்தக் குறை உண்டு. குருமடத்தில் ஆபிரகாமின் பயணத்தை ஊர் ஊராக வரைபடத்தில் படித்தோம். சொந்தத் தந்தை சிறுவயதில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, ஏன் வந்தார் என்று கேட்க விடுமுறைதோறும் நேரம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது அவருடைய கல்லறையில் செபிக்கத்தான் முடிகிறது.

ஆயினும் நாம் நம்பிக்கை இழந்தவர்கள் அல்ல. ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என அழைக்கப்படும் ஆண்டவர், வாழ்வோரின் கடவுள் என்று இயேசு போதித்தார். நாம் மறந்த பெயர்களை அவர் மறப்பதில்லை. புனிதர்களுடைய சமூக உறவை நாம் அறிக்கையிடுவதும் அதனால்தான். கல்லறையில் நாம் சொல்லும் கதை இல்லாமல் போனவர்களைப் பற்றியதன்று, ஆண்டவரில் வாழ்கிறவர்களைப் பற்றியது.

இன்று மாலை ஒரு சிறு காரியம் செய்வோம். வீட்டில் உள்ள மூத்தவரின் அருகில் உட்கார்ந்து, 'நீங்க பட்ட பெரிய கஷ்டம் எது? அப்ப யார் கைகொடுத்தாங்க? அன்னைக்கு எப்படிச் செபிச்சீங்க?' என்று கேட்போம். சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவைப்போம். பழைய படங்களின் பின்புறம் பெயரும் ஊரும் குறிப்போம். அவர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்போம்.

செபிப்போமாக. எங்கள் மூதாதையரின் கடவுளே, எங்களைப் பெற்று வளர்த்து, உம்மை எங்களுக்கு அறிமுகம் செய்து, உம்மிடம் வந்து சேர்ந்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். அவர்கள் வழியாக நீர் எங்களுக்குச் செய்த நன்மைகளை எங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல எங்களுக்கு நாவையும் நேரத்தையும் தாரும். ஆமென்.