உப்பின் வரவு செலவு
(நமது மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சென்ற கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, பி பிளாக் சிறுவன் ஒருவன் கேட்டான்: "தாத்தா, இறால் கடல்ல பொறக்குதா, ஏரியிலயா?" நான் பி.காம். படித்தவன். ஆனால் இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

1990களில் கடலோரக் கிளை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். இறால் பண்ணைக்குக் கடன் வாங்கிய ஒருவர், பெருமழைக்கு மறுநாள் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளை வாங்கி வந்து அப்படியே குளத்தில் விட்டார். மூன்றாம் நாள் கவுன்டரில் வந்து நின்று, "ஒண்ணுகூட இல்ல சார்" என்றார். தவணைப் பத்தி கடைசிவரை காலியாகவே இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. வரி இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. குஞ்சு நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் என்று வளரும் முதல் 10, 12 நாட்களில் அதற்குச் சரியான செவுள் கிடையாது. வெளியே எவ்வளவு உப்போ, ஏறக்குறைய உள்ளேயும் அவ்வளவே. கடலின் உப்பு மாறுவதில்லை; அதனால் பிழைத்துக்கொள்கிறது.

அதன் பிறகுதான் கழிமுகத்துக்கு வருகிறது. அங்கே மழை பெய்தால் உப்பு குறையும், வெயில் அடித்தால் ஏறும். உப்பு குறைந்த நீரில் தண்ணீர் உடலுக்குள் புகும், உப்பு வெளியேறும். வரவைவிடச் செலவு அதிகம்! இதைச் சரிக்கட்ட, உப்பை உள்ளே இழுக்கும் செல்கள் வேண்டும். முதலில் அவை செவுளை மூடும் ஓட்டின் உட்புறத்தில் வேலை செய்கின்றன. செவுள் கிளைவிட்டு வளர வளரப் பொறுப்பு அதற்கும் போகிறது. வளர்ந்த வரி இறாலுக்கு 25 கிராம் அளவில் உள்ளும் வெளியும் சமம். அதற்குக் கீழே போனால் உப்பைச் சேர்க்கும், மேலே போனால் வெளியேற்றும்.

பிரான்சில் கீ ஷார்மான்டியே குழுவினர் இறால், நண்டு எனப் பல இனங்களில் இதை ஆராய்ந்தார்கள். இந்தத் திறன் வரும் பருவமும், உப்பு மாறும் நீருக்குள் அவை நுழையும் பருவமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

ஆகவே செவுள் முதிராத குஞ்சை வாங்கக் கூடாது. வாங்கினாலும், குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கியே விட வேண்டும். அன்று அந்தக் குளத்தில் தவறியது இதுதான் என்று நினைக்கிறேன். கடன் கொடுத்த நாங்களும் கேட்கவில்லை.

தம்பிக்கு என் பதில்: பிறப்பது கடலில், வளர்வது ஏரியில். நடுவே ஒரு வாசல் வேண்டும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் அடைபடும்போது மீனவர்கள் ஏன் தூர்வாரச் சொல்லிப் போராடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? அலையோடு வரும் குஞ்சுக்கு வேறு வழி இல்லை, அவர்களுக்கும் இல்லை.