தர்மாஸ்பத்திரியும் கண்கண்ட தெய்வமும்

(இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த சுயமரியாதைக் கூட்டங்களில் பேசியதன் சாரம்)



வைத்தியத்தைப் பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நாம் வைத்தியம் படித்தவரல்ல. ஆனால் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியவர்களில் நாமும் ஒருவரானபடியால், அந்த யோக்கியதையே போதுமென்று பேச வந்தோம்.

சர்க்கார் ஆஸ்பத்திரியை நம் பெரியவர்கள் தர்மாஸ்பத்திரி என்று சொல்லி வந்தார்கள். அது யாருடைய தர்மம் என்று கேட்கிறோம். அங்கேயுள்ள கட்டிலும், மருந்தும், டாக்டர் சம்பளமும், நாம் சோப்புக்கட்டி வாங்கும்போதுகூடக் கொடுக்கிற வரியிலிருந்து வருகின்றன. தன் பணத்தில் நடப்பதைத் தர்மமென்று எண்ணிக் கொண்டவன், அங்கே போனால் பிச்சைக்காரனைப் போலத்தான் நிற்பான். மற்றொரு பக்கம் டாக்டரைக் கண்கண்ட தெய்வமென்கிறோம். தெய்வத்தை எவன் கணக்குக் கேட்டான்? மழை பெய்யாவிட்டால் தலைவிதி என்று போகிறவன், ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தாலும் அந்த விதியின் தலையிலேயே போட்டு விடுகிறான். தப்புச் செய்தவருக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைப்பாரா?

நம் விருதுநகர் ஜில்லாவில் நடந்ததையே பாருங்கள். 2018 டிசம்பரில் சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றினார்கள். அது சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரி இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. தானமாக வந்த இரத்தத்தை எச்.ஐ.வி., இரண்டு வகைக் கல்லீரல் காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பார்த்த பிறகே ஏற்ற வேண்டுமென்பது விதி. அங்கே யாரும் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைத்திருக்க மாட்டார்கள். செய்ய வேண்டிய பரிசோதனை சரியாகச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதற்கும் கேடாய் முடிந்தது.

இரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். 2016லேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த இரத்தத்தில் கிருமி தெரிந்திருந்தும், அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில்தான் அவருக்குத் தெரிய வந்தது. தெரிந்ததும் தாமே முன்வந்து, தம் இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாமென்று சொன்னார். அதற்குள் ஏற்றியாகி விட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தற்கொலை செய்துகொண்டு மாண்டார். தோழர்களே, இந்தச் சங்கதி முழுவதிலும் வைத்தியத் தொழிலுக்குரிய நாணயத்தோடு நடந்துகொண்டவர், பட்டமும் சம்பளமும் இல்லாத அந்தப் பையன்தான்.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நோயில்லை. அது தெய்வச் செயலல்ல. காலத்தில் கொடுத்த மருந்தின் செயல். அதே வருஷம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று.

இதைக் கேட்டவுடன் சிலர், "பார்த்தீர்களா, வைத்தியருக்குத் திறமைதான் வேண்டும், அன்பும் அனுதாபமும் எதற்கு?" என்பார்கள். அவர்களுக்குக் கத்தியவார் சங்கதியைச் சொல்லுகிறோம். 1929ல் அங்கே ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பள்ளி ஆசிரியரின் மனைவி, பிரசவமான சில நாளில் நோயில் விழுந்தார். டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் இரண்டு ரூபாய் பீசுக்கு ஜாமீன் நின்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டு வந்தால் பார்ப்பதாகச் சொன்னார். பச்சைக் குழந்தையோடு அந்த அம்மாளை வெளியே கொண்டு வந்தார்கள். டாக்டர் காய்ச்சல் பார்க்கும் கருவியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் புருஷனிடம் கொடுத்தார். புருஷன் மனைவிக்கு வைத்தார். வந்த வழியே கருவி திரும்பிப் போயிற்று. டாக்டர் எட்ட நின்றே நிமோனியா என்று சொல்லிவிட்டு மருந்தனுப்பினார். பிறகு வந்து பார்க்கவேயில்லை. அந்த அம்மாள் இறந்து போனார். அந்த ஆசிரியர் எழுதிய கடிதம் அவ்வருஷ டிசம்பரில் "யங் இந்தியா"வில் வந்தது; டாக்டர் அம்பேத்கரும் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த டாக்டருக்குப் படிப்பில்லையா? நோயின் பெயரைக்கூடச் சரியாகத்தான் சொல்லியிருப்பார். நெஞ்சில் கை வைத்துப் பார்க்காத படிப்பு அந்த அம்மாளுக்கு என்ன செய்தது?

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் இராப்பகலாய்ப் பேண்டேஜ் துணி நெய்கின்றன. அந்தத் துணி எந்த வகுப்பான் புண்ணைக் கட்டுகிறோமென்று கேட்பதில்லை. துணிக்குள்ள யோக்கியதை மனிதனுக்கு வேண்டாமா?

டாக்டரை மட்டும் சொல்லிவிட்டுப் போக நாம் வரவில்லை. எச்.ஐ.வி. உள்ளவரை ஆஸ்பத்திரியிலோ வேலையிலோ ஒதுக்கக் கூடாது, அவர் சம்மதமின்றி அதை வெளியிடக் கூடாது என்று 2017ல் சட்டம் செய்து, 2018 செப்டம்பரில் அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். சாத்தூர்ச் சம்பவத்துக்கு மூன்று மாதம்கூட முந்தி அல்ல. சட்டம் வந்தது, ஊர் மாறிற்றா? சமபந்தி போஜனம் நடத்துகிற நம்மில் எத்தனை பேர் அந்நோயுள்ளவர் குடித்த டம்ளரில் தண்ணீர் குடிப்போம்? குடித்தால் அந்நோய் ஒட்டாது. ஊர் என்ன சொல்லுமோ என்கிற பயத்துக்கு அந்த இளைஞர் பலியானதில் நமக்குப் பங்கில்லையென்று எப்படிச் சொல்லுவது?

இன்னொன்று. நோயாளி இறந்தவுடன் நர்சையும் டாக்டரையும் அடிக்கக் கூட்டம் சேர்க்கிறார்கள். நேற்றுக் கும்பிட்டவன்தான் இன்று அடிக்கப் போகிறான். வரம் கொடுக்கவில்லையென்று சாமியைத் திட்டுகிற புத்திதான் இது. ஒரே நர்சின் தலையில் ஒரு வார்டையே கட்டிவிட்டு, அவள் முகம் சுளித்தாளென்று குறை சொல்லுவதும் நியாயமல்ல. ஆள் போடாத சர்க்காரை அல்லவா அங்கே கேட்க வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டத்தில் ஒரு தோழர், "கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டாரா?" என்று சீட்டெழுதிக் கொடுத்தார். சிலர் கோபிக்கத்தான் கோபிப்பார்கள். நல்ல டாக்டர் பதில் சொல்லுவார். இரத்தப் பையின் மேல் ஒட்டிய சீட்டில் பரிசோதனைகளின் முடிவு அச்சிட்டிருக்கும். ஊசி குத்துவதற்கு முன் அதைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.