எச்சரிக்கையை எதிர்த்துப் பேசலாமா?



இன்றைய மன்றத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் கத்தி. பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கத்தி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஈப்போவுக்குத் தெற்கே குனோங் ராபாட் பக்கம் போய்ப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளில் இருக்கும் சாம் போ தோங், கெக் லோக் தோங் குகைக் கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள், திரும்பும்போது பம்பளிமாஸ் வாங்காமல் போவதில்லை. அதன் தடித்த தோலைக் கீறி உரித்துக் கொடுப்பது ஒரு கத்தி. இளநீரின் தலையைச் சீவிக் கொடுப்பது ஒரு பாராங். கோயில் விசேஷத்திற்கு வாழை இலை அறுப்பதும் கத்திதான். ஆயுத பூசை அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறவர்களும் நாம்தான்.

அதே பாராங், இரவு பதினொரு மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் இருந்தால் அதன் பெயர் என்ன? இரும்பு மாறவில்லை, இடமும் நேரமும் மாறிவிட்டன. அப்போது யாராவது ஒருவர் குறுக்கே வந்து, "இது சரியில்லை, இதுதான் உனக்கு எச்சரிக்கை" என்று சொல்கிறார். அவர் போலீஸ்காரராக இருக்கலாம், பள்ளித் தலைமையாசிரியராக இருக்கலாம், ஒரு சங்கத்தின் பொறுப்பாளராகவும் இருக்கலாம்.

எச்சரிக்கை பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? நம்மவர்களில் பலருக்கு இரண்டு வழிகள்தான் தெரியும். ஒன்று, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவது. இல்லையென்றால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தோட்டத்து உளி

பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் வெட்டும் உளியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இளைய தலைமுறைக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் போதும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. உளி அதைத் தொட்டுவிட்டால் மரத்திற்குக் காயம். ஆறிய பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். புதுப்பட்டை வளர்ந்தாலும் அங்கே மறுபடி சீராக வெட்ட முடியாது.

விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடிக்கு நடுவே, நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் நம் தாய்மார்களும் தகப்பன்மார்களும். கத்தி வேலையில் அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் யார்?

காயம் பட்ட மரத்தைத் தண்டல் பார்த்துவிட்டால் ஏச்சு விழும். விஷயம் கிராணிக்கும் அவரைத் தாண்டித் துரைக்கும் போகும். "மரத்தை நாசம் பண்ணிட்டே, இனிமே இப்படி நடந்தா வேலை இல்லே" என்பதுதான் அந்தக் காலத்து எச்சரிக்கை. ஆனால் அந்த எச்சரிக்கையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. குற்றம் என்று சொல்லப்பட்டது கண்ணுக்கு முன்னால், மரத்தின் உடம்பிலேயே இருந்தது. காயம் புதியதா, பழையதா என்று தொட்டுப் பார்த்தே சொல்லலாம். புதுக் காயத்தில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். பழைய காயம் முண்டு கட்டியிருக்கும். எதிர்த்துப் பேச விரும்பிய தொழிலாளி, "வாங்க, மரத்தைப் பார்ப்போம்" என்று தண்டலைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. சாட்சி மரம்தான்.

இன்றைக்குத் தரப்படும் பல எச்சரிக்கைகளில் அந்த மரம் இருப்பதில்லை. "உன் போக்கு சரியில்லை", "உன்னைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாவிட்டால் பதில் எப்படிச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம். பொது இடத்தில் சட்டப்படியான அனுமதியோ சட்டப்படியான நோக்கமோ இல்லாமல் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதை அதன் 6ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. தண்டனை சாதாரணமானதல்ல. குறைந்தது 5 ஆண்டுகள், கூடியது 10 ஆண்டுகள் சிறை, பிரம்படியும் உண்டு.

எது ஆபத்தான ஆயுதம்? தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக் கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் காய்கறிக் கத்தி தப்பாது, மரம் வெட்டும் பாராங்கும் தப்பாது. வேலைக்குப் போகிறவரைக் காப்பாற்றுவது 'சட்டப்படியான நோக்கம்' என்ற அந்தச் சில சொற்கள்தான். செம்பனைத் தோட்டத்திற்குப் போகிறவர், புல் வெட்டும் குத்தகைக்காரர், இளநீர் வியாபாரி ஆகியோர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேலை முடிந்ததும் கத்தியை உறையில் போட்டுக் கட்டி, மற்றச் சாமான்களோடு வைத்து, நேரே வீட்டிற்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு வாரமாக வண்டியிலேயே கிடக்கும் பாராங்கிற்கு நோக்கம் சொல்வது கடினம்.

பட்டணத்தில் போலீஸ் ஏன் இத்தனை கெடுபிடி காட்டுகிறது என்று கேட்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களைப் பகிரங்கமாக அறிவித்தது. அவற்றில் நம் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்ற செய்தி சமுதாயத்தைத் தலைகுனிய வைத்தது. பாராங் வெட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிற்குப் போய், கத்தி வெறும் கருவிதான் என்று வாதாட முடியுமா? எச்சரிப்பவரின் அச்சத்திற்கும் காரணம் இருக்கிறது.

ஆர்வலர் குழுவில் ஒரு தகராறு

கத்தி சேகரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எந்த இரும்பு, எப்படிப் பதம் ஏற்றியது, பிடி எந்த மரம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். நம் பேராக் மாநிலத்தில் அரச மரபுச் சின்னங்களில் ஒன்றே தாமிங் சாரி என்னும் கிரிஸ். ஆகவே இந்த ஆர்வத்தைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒரு குழுவை எண்ணிப் பாருங்கள். புதிதாக வாங்கிய பாராங்கைக் காட்டிய ஓர் இளைஞர், "இதைக் கையிலே பிடிச்சா எவனும் கிட்டே வரமாட்டான்" என்கிறார். குழுப் பொறுப்பாளர் உடனே, "தம்பி, இந்தப் பேச்சு இங்கே வேண்டாம். இது எச்சரிக்கை. அடுத்த தடவை குழுவில் இருக்க மாட்டே" என்கிறார். இளைஞருக்கு ரோசம் வந்துவிடுகிறது. "அண்ணே, விளையாட்டுக்குச் சொன்னேன். போன மாசம் அவரும்தான் இப்படிப் பேசினார். அவரை ஏன் கேக்கலே?" என்று பாய்கிறார்.

யார் பக்கம் நியாயம்? பொறுப்பாளரின் கவலை சரியானது. கருவியைப் பற்றிப் பேசும் குழு ஆளை வெட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அதன் உறுப்பினர் அனைவரும் சந்தேகத்திற்கு ஆளாவார்கள். ஆனால் எந்த விதியை மீறினார் என்று அவர் சொல்லவில்லை. இளைஞரின் விளக்கத்தைக் கேட்கவும் இல்லை. இளைஞரின் வாதத்திலும் பாதிதான் சரி. ஒரே தப்புக்கு ஆளுக்கொரு நியாயம் கூடாது என்பது நல்ல வாதம். 'அவன் செய்தான், அதனால் நானும் செய்வேன்' என்பது வாதமே அல்ல. அவர் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "அண்ணே, சொன்ன வார்த்தை சரியில்லேன்னா மாத்திக்கிறேன். மிரட்டுற எண்ணம் எனக்கு இல்லே. ஆனா விதி எதுன்னு காட்டுங்க, எல்லாருக்கும் அது ஒண்ணா இருக்கட்டும்." இப்படிப் பேசினால் பொறுப்பாளருக்கும் இறங்கி வர வழி கிடைக்கும்.

மொன்ட்ரியல் மாணவனின் கிர்பான்

ஈப்போவில் சீக்கியர்கள் பல தலைமுறைகளாக நம்மோடு வாழ்கிறார்கள். அமிர்தம் பெற்ற சீக்கியர் எப்போதும் உடலோடு வைத்திருக்க வேண்டியவற்றில் ஒன்று கிர்பான் என்னும் குறுவாள். கனடாவின் மொன்ட்ரியல் நகரில் 2001ஆம் ஆண்டு, குர்பாஜ் சிங் முல்தானி என்ற மாணவன் அணிந்திருந்த கிர்பான் பள்ளி வளாகத்தில் தவறிக் கீழே விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பள்ளியில் ஆயுதம் கூடாது என்பது விதி.

முதலில் பள்ளி வாரியம் ஒரு சமரசத்திற்கு வந்தது. கிர்பானை ஆடைக்குள் வைத்துத் தைத்துவிட்டால் அணியலாம் என்றது. பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு பள்ளியின் நிர்வாகக் குழு அதை மறுத்தது. மேலிடமும் மறுப்பையே உறுதி செய்தது. குடும்பம் நீதிமன்றம் சென்றது. 2002இல் வெற்றி, 2004இல் மேல்முறையீட்டில் தோல்வி, கடைசியில் 2006 மார்ச் 2ஆம் நாள் கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி.

அந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 'எங்கள் சமயம், எங்கள் இஷ்டம்' என்று குடும்பம் வாதிடவில்லை. மர உறையில் இட வேண்டும், கனத்த துணியில் சுற்றித் தைக்க வேண்டும், ஆடைக்கு உள்ளேயே இருக்க வேண்டும், பள்ளி ஊழியர் சோதித்துப் பார்க்கலாம் என்ற நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. நீதிமன்றமும் பள்ளியின் பாதுகாப்புக் கவலையை அலட்சியம் செய்யவில்லை. கத்தரிக்கோலும் பென்சிலும் பேஸ்பால் மட்டையும் பள்ளியில் இருக்கத்தானே செய்கின்றன, இத்தனை கட்டுகளுக்குள் இருக்கும் கிர்பானை மட்டும் முழுவதுமாகத் தடை செய்வது நியாயமா என்று பார்த்தது. எச்சரித்தவரின் அச்சத்திற்குப் பதில் சொன்னவர் வென்றார். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த மாணவன் வேறு பள்ளிக்கு மாறியிருந்தான். தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசியதை இரு தரப்பும் காப்பாற்றியிருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிருக்காது.

என்ன செய்ய வேண்டும்?

எச்சரிக்கை வந்தால் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த விதி? எந்த நாளில், என்ன செயல்? என்ன ஆதாரம்? கேட்கும்போது குரல் உயர வேண்டியதில்லை.

அடுத்து, எழுத்தில் பதில் கொடுங்கள். வேலையிடத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், 'பெற்றுக்கொண்டேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடலாம். பதில் இல்லாத பழைய எச்சரிக்கைகள்தாம் பின்னாளில் வேலைநீக்கத்திற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. தவறான நடத்தை என்று சொல்லி ஒருவரை நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. நியாயமின்றி நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். நாள் தவறினால் நியாயம் இருந்தும் பயனில்லை.

சாலையில் போலீஸ் நிறுத்தினால் அங்கேயே வாதாடி வெல்ல நினைக்காதீர்கள். கத்தி இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். எடுத்துக் காட்டக் கையை நீட்டாதீர்கள். எங்கே வேலை, யாரிடம் வேலை என்று தெளிவாகச் சொல்லுங்கள். கைது செய்யப்பட்டால், காரணத்தை அறியவும் உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ளவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

எச்சரிக்கை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, எதுவானாலும் விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தண்டிக்கும் முன் கேளுங்கள். உங்களைப் பற்றியே புகார் என்றால் தீர்ப்பை வேறொருவரிடம் விடுங்கள். ஒருவனைக் குழுவிலிருந்து தள்ளிவிடுவது எளிது. ஆனால் தள்ளப்பட்ட இளைஞனை வரவேற்கத் தெருமுனையில் வேறு குழு காத்திருக்கிறது. அங்கே கத்தியைப் பற்றி எச்சரிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இருட்டில் மரத்திற்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் நாம். கத்தியைப் பிடிக்கும்போது மட்டுமல்ல, எதிர்த்துப் பேசும்போதும் அந்த அளவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.