பிஸ்கட் ரின்னில் கிடந்த ரொக்கெட்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். சங்கத்திலும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் பின்பக்கத்திலிருந்து புரியாணி வாசம் வரும் நேரத்தில் கொலஸ்ட்ரோலைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. ஆகவே ரொக்கெட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். 'பேசப்போகிறோம்' என்பது மரியாதைப் பன்மை அல்ல. இது ஐந்து பேருடைய கதை. மைக்குக்கு முன்னால் நிற்பது மட்டும்தான் ஒருத்தி.

1994ஆம் வருடம். நாங்கள் ஆண்டு பத்து. விஞ்ஞானக் கழகத்துக்கு ஒரு பெயர்ப்பலகையும் ஓர் அலுமாரியும் இருந்தன. அலுமாரியின் திறப்பு எங்கே என்று எவருக்கும் தெரியாது. எனவே எங்கள் கழகம் முழுவதும் ஒரு மலிபன் பிஸ்கட் ரின்னுக்குள் அடங்கியிருந்தது. பஸார் ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிய பியூஜி பிலிம் டப்பாக்கள், அப்பச்சோடா, ஒரு சின்னப் போத்தல் வினாகிரி, கொப்பி மட்டையில் வெட்டிய செட்டைகள். பிலிம் டப்பாவில் இரண்டு வகை உண்டு. மூடி வெளியே கவிழ்வது ஒன்று, உள்ளே இறுகுவது மற்றது. உள்ளே இறுகுவதுதான் எங்களுக்கு வேண்டும். வாயு சேர்ந்து அழுத்தம் கூடும்வரை அது பிடித்துக்கொண்டிருக்கும், பிறகு 'டொப்' என்று விடும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் எடுத்தது. ஒரு வெள்ளைச் சட்டையும் பழுதாகியது.

அதே ரின்னில் ஒரு சீமைப் பொருளும் இருந்தது. எங்களில் ஒருத்தியின் சாச்சா சவூதியிலிருந்து வரும்போது, பிளேன் என்று நினைத்து வாங்கிவந்த பெட்டி. திறந்து பார்த்தால் அமெரிக்காவின் எஸ்டஸ் கம்பனி செய்த ஆல்ஃபா என்ற மாதிரி ரொக்கெட். ஏறக்குறைய 31 சென்ரிமீற்றர் நீளம், காகிதக் குழாய், பால்சா மரத்தில் மூன்று செட்டைகள், பிளாஸ்டிக் பரசூட். மோட்டார் இல்லை. அந்த மோட்டார்களை விமானப் பெட்டியில் கொண்டுவரவே முடியாது. ஆகவே எங்கள் ஆல்ஃபா பறக்காத ரொக்கெட்டாகவே இருந்தது. ஆனால் எங்களுக்குப் பாடப்புத்தகமும் அதுதான். செட்டை ஏன் பின்னால் இருக்கவேண்டும், மூக்கில் ஏன் பாரம் கூடவேண்டும், பரசூட்டை எப்படி மடிக்கவேண்டும் என்பதையெல்லாம் அதைப் பிரித்துப் பார்த்தே படித்தோம். படித்ததை ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் செய்து, தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பறக்கவிட்டோம்.

அந்தக் காலத்தில் நம் கரையில் 'ரொக்கெட்' ஒரு விளையாட்டுச் சொல் அல்ல. இங்கிருக்கும் மூத்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. "இண்டைக்கு ஸ்கூல்ல ரொக்கெட் விடப் போறம்" என்று ஒருத்தி வீட்டில் சொன்னதும் உம்மா அவளுடைய வாயைப் பொத்தி, யன்னலையும் சாத்தினாவாம். அதன்பிறகு நாங்கள் அதைப் 'போத்தல் பரிசோதனை' என்றே அழைத்தோம். மைதானத்தில் பொம்புளப் புள்ளைகள் போத்தலுக்குப் பின்னால் ஓடுவதைப் பற்றி மதிலுக்கு வெளியே வேறு பேச்சுகளும் இருந்தன. எங்கள் விஞ்ஞான டீச்சர் மதில் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து கொப்பி திருத்துவா. அந்தக் கதிரை இருந்த நாளில் எவரும் எதுவும் சொன்னதில்லை.

எங்கள் ஐவரில் ஒருத்தியைக் கணக்குக்காரி என்று கூப்பிடுவோம். போத்தல் எவ்வளவு உயரம் போனது என்று நாங்கள் சண்டை பிடித்தபோது, பாகைமானியில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அளக்க வழி செய்தவள் அவள். ஏவும் இடத்திலிருந்து 30 மீற்றர் அளந்து நின்று, போத்தல் உச்சிக்குப் போகும்போது கோணத்தைப் பிடிப்பாள். 30ஐ அந்தக் கோணத்தின் தாஞ்சனால் பெருக்கி, கண்ணின் உயரத்தைக் கூட்டினால் விடை. கோணம் 41 பாகை என்றால் 26 மீற்றர், கண்ணுயரத்தோடு இருபத்தேழரை. எங்கள் சாதனை அதுதான். திகதி, தண்ணீரின் அளவு, பம்பு அடித்த எண்ணிக்கை, கோணம், உயரம் என்று நிரல் போட்டு 23 ஏவல்களை அவளுடைய கையெழுத்தில் ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தாள்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்கு அவள்தான் முதலில் பெயர் கொடுத்தாள். மொத்தம் மூன்று பெயர்தான் சேர்ந்தது. ஆசிரியரும் கிடைக்கவில்லை, வகுப்பு நடக்கவில்லை. வேறூருக்கு அனுப்பிப் படிப்பிக்கும் காலமும் அதுவல்ல. அவள் கலைப்பிரிவுக்குப் போனாள். நாங்கள் இருவர் உயிரியல் படித்து வைத்தியர்களானோம், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி கலியாணம் முடித்து இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் போனாள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, சாய்ந்தமருதுக் கரையில் கணக்குக்காரியும் அவளுடைய கைப்பிள்ளையும் போனார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று 10,000க்கும் மேற்பட்டோர். இந்த மண்டபத்தில் அந்தக் கணக்கில் ஒரு பெயராவது இல்லாதவர் இல்லை. எனவே அதைப்பற்றி இதற்கு மேல் பேசவில்லை.

பிஸ்கட் ரின் தப்பியது. அது சம்மாந்துறையில் ஒரு மூத்தம்மா வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தது. 2013இல் எங்களில் ஒருத்தி விசேட வைத்தியப் பயிற்சிக்காக ஒரு வருடம் இங்கிலாந்துக்குப் போகும்போது, துணிகளுக்கு நடுவில் ரின்னையும் வைத்துக்கொண்டு போனாள். லெஸ்டரில் தேசிய விண்வெளி நிலையம் என்ற நல்ல காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கிருக்கும் நம்மவள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் களைத்திருந்தாள். ரின்னைத் திறந்ததும் இருவரும் மறுபடி ஆண்டு பத்துக்குப் போய்விட்டோம்.

வெளிநாடுகளில் இப்படிச் சின்ன வயதுப் பெட்டியைத் திறந்து ரொக்கெட்டுக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக, குறிப்பாகக் கணவன்மாரின் பழைய பெட்டி வீட்டில் கிடக்கும் ராத்தாமாருக்காக, சில விடயங்கள். இறப்பர் இழை உக்கிப்போயிருக்கும். தொட்டால் தூளாகும், புதிதாகப் போடுங்கள். பரசூட் பிளாஸ்டிக் ஒட்டிப் பிடித்திருக்கும். பிள்ளைப் பவுடர் தூவி மெதுவாகப் பிரியுங்கள். பால்சாச் செட்டையை நம்மூர்ப் பூச்சி விட்டுவைக்காது. எங்களுடையதில் ஒன்றைப் பாதி தின்றிருந்தது, மற்றதை அச்சாக வைத்துப் புதிதாக வெட்டினோம். ஆனால் பெட்டியில் பழைய மோட்டார் கிடந்தால் அதைப் பற்றவைக்கவே வேண்டாம். சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டு, உள்ளே இறுக்கி அமுக்கிய மருந்து சுருங்கிக் குழாயிலிருந்து விலகியிருக்கும். நெருப்பு அந்த இடைவெளிக்குள் பாய்ந்தால் மோட்டார் தள்ளாது, வெடிக்கும். திகதி முடிந்த மாத்திரையைவிட மோசம்.

கடையில் வாங்கிய புது மோட்டாரில் ஏ8-3 என்று எழுதியிருந்தது. 'ஏ' என்பது அதன் மொத்தத் தள்ளுகை, ஆகக்கூடியது இரண்டரை நியூட்டன்-செக்கன். 8 என்பது சராசரி உந்துவிசை எட்டு நியூட்டன். 3 என்பது எரிந்து முடிந்து மூன்று செக்கன் கழித்துப் பரசூட்டைத் தள்ளும் என்பது. ஆட்டு மேய்ச்சல் நிலமொன்றில் கம்பியை நட்டு, 5 மீற்றர் தள்ளி நின்று, பற்றரிச் சுவிட்சை அழுத்தினோம். இம்முறை 100 மீற்றர் தூரத்தில் நின்று, அவளுடைய பாகைமானியில் புது நூல் கட்டி அளந்தோம். 38 பாகை. ஏறக்குறைய 80 மீற்றர். அவளுடைய கொப்பியில் 23ஆம் ஏவலுக்குக் கீழே 24 என்று போட்டு எழுதினோம்.

இனி வைத்தியராகவே பேசுகிறோம். பெருநாள் இரவுகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்ற எவருக்கும் வெடியில் கை போன பிள்ளையைத் தெரியும். பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். வெடி பற்றவில்லை என்று கிட்டப் போய்க் குனிந்து பார்ப்பது. அமெரிக்காவிலும் 1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் பறந்த பிறகு பையன்கள் வீட்டுக்குள் மருந்து கலந்து குழாயில் அடைத்தார்கள். விரல்கள் போயின, கண்கள் போயின, சிலர் உயிரும் போனது. அதைத் தடுத்தது தடைச் சட்டம் மட்டுமல்ல. நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர் தன் சகோதரரோடு சேர்ந்து 1954இலேயே, காகித உடலும் மோட்டாரும் கொண்ட சின்ன ரொக்கெட்டைச் செய்திருந்தார். ஏவுதளப் பாதுகாப்பு வேலையில் இருந்த ஹரி ஸ்டைன் அதைப் பார்த்து, பிள்ளையின் கை மருந்தில் படவே கூடாது என்பதை முதல் விதியாக்கினார். வேர்ன் எஸ்டஸ் என்ற இளைஞர் சில செக்கன்களுக்கு ஒரு மோட்டார் அடைக்கும் இயந்திரம் கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மேபல்'. இந்தத் துறையில் முதல் பெண் அவள்தான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நெருப்புக்குச்சி இல்லை, மின்கம்பி மட்டும். உலோக உடல் இல்லை. பற்றாவிட்டால் பற்றரியைக் கழற்றிவிட்டு 60 செக்கன் எவரும் கிட்டப் போகக்கூடாது. நம்மூரில் அந்த அறுபது செக்கன் பழக்கம் இருந்திருந்தால் பல கண்கள் மிஞ்சியிருக்கும்.

நம் நாட்டில் அந்த மோட்டார்கள் கடையில் கிடையாது. வெடிமருந்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடவும் முடியாது. அது சரியும்தான். எங்களுக்குத் தண்ணீர் போதும். வெறுங்காற்றுக்குப் பாரம் மிகக் குறைவு. போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் இருந்தால், அமுங்கிய காற்று அந்தப் பாரத்தைக் கீழே தள்ளும், போத்தல் மேலே போகும். நியூட்டனின் மூன்றாம் விதி, நெருப்பே இல்லாமல். சோடாப் போத்தல்தான் பாவிக்கவேண்டும், அது அழுத்தத்துக்கென்றே செய்தது. மெல்லிய தண்ணீர்ப் போத்தல் கூடாது. மானி பூட்டிய பம்பில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலுக்கு மேல் நாங்கள் போவதில்லை. கண்ணாடி கட்டாயம். மொறட்டுவையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீர் ரொக்கெட் போட்டி நடத்துகிறது. அதற்கு நம் பிள்ளைகள் போகவேண்டும் என்பதுதான் இன்றைய வேண்டுகோள்.

பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று இன்னும் கேட்பவர்களிடம் பக்கத்து நாட்டுக் கதையைச் சொல்லுங்கள். இந்தியாவின் 75 அரச பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சின்னச் சின்னக் கருவிகள் செய்தார்கள். சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் நிறுவனம் அவற்றைச் சேர்த்து ஆசாதிசாட் என்ற செய்மதியாக்கியது. மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளியின் பிள்ளைகளும் அதில் உண்டு. 2022 ஓகஸ்ட் 7ஆம் திகதி சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவினார்கள். ஒரு கட்டம் பிரிந்த அதிர்வில் உணரிகள் குழம்பி, செய்மதி தாழ்ந்த பாதையில் விடப்பட்டு அழிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கவே நடந்தது. ஆனால் எவரும் வீட்டுக்குப் போய்த் தையல் பழகச் சொல்லவில்லை. 2023 பெப்ரவரி 10ஆம் திகதி ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது.

நம் பாடசாலையில் இன்று கணிதப் பிரிவு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இந்த வருடம் அதில் ஒன்பது பிள்ளைகள். ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது, சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஒன்பது போதாது. கணிதம் எடு என்று உயர்தரத்தில் சொல்லிப் பயனில்லை. ஆண்டு ஏழிலேயே பாகைமானியை வானத்துக்குப் பிடிக்கவேண்டும்.

எங்கள் நால்வர் சார்பில் ஏவுதளம் இரண்டு, மானி பூட்டிய பம்பு இரண்டு, கண்ணாடி முப்பது சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். அலுமாரிக்குப் புதுப் பூட்டும் போட்டாயிற்று, திறப்பு இரண்டு, ஒன்று விஞ்ஞான டீச்சரிடம், ஒன்று மாணவத் தலைவியிடம். வெளிநாட்டிலிருக்கும் ராத்தாமாருக்கு ஒரு கெஞ்சல். ஆர்வத்தில் மோட்டாரைச் சூட்கேசில் வைத்து அனுப்பிவிடாதீர்கள், விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல எங்களால் வரமுடியாது. அதற்குப் பதிலாக, மதில் பக்கம் கதிரை போட்டு உட்காரும் டீச்சருக்கு மாதம் ஒரு சனிக்கிழமைப் போக்குவரத்துச் செலவைப் பொறுப்பெடுங்கள்.

கணக்குக்காரியின் கொப்பி வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. 24ஆம் வரிக்குக் கீழே வெறும் பக்கங்கள் நிறைய உண்டு. அசருக்குப் பிறகு, காற்று கொஞ்சம் அடங்கியதும், ஆண்டு ஏழுப் பிள்ளைகள் மைதானத்தில் 25ஆவதை ஏவுவார்கள். 30 மீற்றர் தூரத்தில் நின்று கோணம் பிடிக்க ஒருவர் வேண்டும். கண்ணாடி போட்டாலும் பரவாயில்லை, தாஞ்சன் அட்டவணை மறந்திருந்தாலும் பரவாயில்லை, போனில் இருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் மேசைக்கு வாருங்கள்.